நதிமூலம், ரிஷிமூலம், எண்மூலம்

திரையில் இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கருவியுடைய சாவியின் கைரேகை. அதாவது, முதல்முறை மின்சாரம் கிடைத்தபோது அந்தக் கருவி தனக்கென்று உருவாக்கிக்கொண்ட ரகசியச் சாவிக்கான சுருக்க அடையாளம். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான கோர்வை. முதல் ஆறு எழுத்துகள் இரண்டிலும் ஒன்றாக இருந்தன. சரி, தற்செயலாக இருக்கும் என்று விரலைத் திரையில் வைத்து வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனேன். கடைசி எழுத்து வரை ஒன்றுதான்.

ஒரே கருவியின் விவரத்தை இரண்டு முறை ஒட்டிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, வரிசை எண்கள் வேறு வேறு. பக்கத்து இருக்கையில் இருந்த சீனியர் எட்டிப் பார்த்தார். "இன்னும் பத்து போர்டை ஆன் பண்ணிப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். மொத்தம் பன்னிரண்டு போர்டுகள். அவை உருவாக்கிய சாவிகளை எண்ணினால் ஏழுதான் வந்தது. பன்னிரண்டு வீட்டுக்கு ஏழு பூட்டு மாதிரி. யார் சாவி யார் வீட்டைத் திறக்கும் என்று எங்களுக்கே தெரியாது.

அப்போது நான் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள், எழுதும் வேலையில் இருந்தேன். சாவி செய்ய ரேண்டம் எண், அதாவது யாராலும் கணிக்க முடியாத எண், வேண்டுமென்றால் இயங்குதளத்திடம் கேட்பேன்; அது கொடுக்கும்; வாங்கிக்கொள்வேன். எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, ஏரியைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. சாதாரணக் கணினி தன்னைச் சுற்றி நடக்கும் சலசலப்பிலிருந்து கணிக்க முடியாத தன்மையைச் சேகரிக்கிறது. விசையை அழுத்தும் இடைவெளி, மவுஸ் நகர்வு, டிஸ்க் பதில் சொல்ல எடுக்கும் நேரம், நெட்வொர்க்கில் பொட்டலங்கள் வந்து விழும் கணம், இப்படி. எங்கள் போர்டில் கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை, டிஸ்க் இல்லை. சாவி உருவாகும் நேரத்தில் நெட்வொர்க்கும் இன்னும் எழுந்திருக்கவில்லை. கடிகாரத்துக்குப் பேட்டரி வைக்கவில்லை என்பதால் ஒவ்வொரு போர்டும் 1970 ஜனவரி 1-ஆம் தேதியில்தான் கண் விழிக்கும். ஒரே அச்சில் வார்த்த குழந்தைகள், ஒரே நொடியில் பிறந்து, ஒரே இருட்டறையில் உட்கார்ந்து, "மனசுக்குத் தோன்றிய எண்ணைச் சொல்" என்று கேட்கப்பட்டால் என்ன சொல்லும்? அநேகமாக ஒரே எண்ணைத்தான் சொல்லும்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த கூத்து இல்லை என்று பிறகு தெரிந்தது. 2012-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் நாடியா ஹெனிங்கரும் அவருடைய குழுவினரும் இணையம் முழுக்கத் துழாவி, அகப்பட்ட பொதுச் சாவிகளையெல்லாம், அதாவது ரகசியச் சாவிக்கு ஜோடியாக எல்லாருக்கும் காட்டப்படும் சாவிகளையெல்லாம், சேகரித்தார்கள். ஆர்எஸ்ஏ முறையில் பொதுச் சாவி என்பது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல். பெருக்கலைப் பார்த்து அந்த இரண்டையும் பிரித்தெடுப்பது நடக்காத காரியம். முறையின் பாதுகாப்பே அதுதான். ஆனால் இரண்டு கருவிகள் தங்கள் பகா எண்களில் ஒன்றையே ஒன்றுபோலத் தேர்ந்தெடுத்துவிட்டால்? அப்போது அந்த இரண்டு பெருக்கலுக்கும் மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடித்தால் போதும், பொதுவான பகா எண் கையில் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் போட்ட அதே கணக்கு. இப்படியே அவர்கள் பாதுகாப்பான இணைப்பு தரும் சர்வர்களில் சுமார் 0.5 விழுக்காட்டின் தனிச்சாவியை, அதாவது ரகசியச் சாவியை, கணித்தெடுத்தார்கள். இருநூறுக்கு ஒன்று. மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை ரவுட்டர், ஃபயர்வால் போன்ற திரையும் கீபோர்டும் இல்லாத சிறு பெட்டிகள். எங்கள் போர்டின் அண்ணன் தம்பிகள்.

கணக்குப் போட்டு ரேண்டம் எண் எடுக்க முடியாது என்பது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. 1951-லேயே கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன், எண்கணித வழியில் ரேண்டம் எண் உருவாக்கலாம் என்று நினைப்பவர் பாவ நிலையில் இருக்கிறார் என்று கிண்டலாக எழுதினார். கணினி நிரல் ஒரு விதையை வாங்கி, அதைத் திருப்பித் திருப்பிப் பிசைந்து, நீளமான எண் வரிசையாக நீட்டும். அவ்வளவுதான் அதால் முடியும். விதை தெரிந்தவனுக்கு வரிசை முழுக்கத் தெரியும். 1995-இல் இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் என்ற இரண்டு மாணவர்கள் நெட்ஸ்கேப் உலாவியைப் பிரித்துப் பார்த்தபோது, அதன் விதை அன்றைய நேரமும் இரண்டு செயல்முறை எண்களும் (ஓடும் நிரல்களுக்கு இயங்குதளம் தரும் எண்கள்) மட்டும்தான் என்று கண்டார்கள். டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் 2006-இல் ஒருவர் எச்சரிக்கைச் செய்தி வருகிறதே என்று ஒரு வரியை நீக்கப் போய், கலவையில் செயல்முறை எண் ஒன்றைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை. ஒரு வகைச் சாவிக்கு மொத்தமே 32,768 சாத்தியங்கள். 2008 மே மாதம் வரை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கத்தான் எப்படி முடியும்? வந்த சாவிகள் ஒவ்வொன்றும் பார்வைக்கு அம்சமாக, ஒழுங்கின்றி, சரியான சாவி எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தன.

இங்கேதான் எனக்கு உறைத்தது. ஒரு பொருள் நல்லதா என்று தெரிந்துகொள்ள வழக்கமாக நாம் பொருளைப் பார்க்கிறோம். ரேண்டம் எண்ணில் அது உதவாது. பை என்ற மாறிலியின் தசம இலக்கங்களை எடுத்துப் புள்ளியியல் சோதனைகளில் போடுங்கள், சிறப்பாகத் தேறும். ஆனால் அதை யாராவது ரகசியம் என்பார்களா? நதிமூலம் ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள். ரேண்டம் எண்ணுக்கு மூலத்தைத்தான் கேட்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, மூலத்துக்கு எங்கே போவது? பல சிப்புகளில் இதற்கென்று ஒரு சிறு சுற்று இருக்கிறது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் தலைகீழாக்கும் கதவுகளை வட்டமாகக் கோர்த்துவிட்டால் அது ஓயாமல் துடிக்கும். வெப்பத்தால் அந்தத் துடிப்பில் மிகச் சிறிய தடுமாற்றம் இருக்கும். அந்தத் தடுமாற்றத்தை அளந்து பூஜ்யம், ஒன்று என்ற பிட்டுகளாக எடுத்துக்கொள்கிறார்கள். மலிவானது, இடம் அடைக்காது, ஒழுங்காக வடிவமைத்தால் நன்றாகவே வேலை செய்யும். குறை என்னவென்றால், துடிக்கும் எதுவும் இன்னொரு துடிப்போடு தாளம் சேரக் கூடியது. 2009-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்கெட்டோஸ், மூர் என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள். சிப்புக்குப் போகும் மின்சாரத்திலேயே ஓர் அலைவைச் செலுத்தினால், உள்ளே இருக்கும் வளையங்கள் அந்த அலைவோடு பூட்டிக்கொள்கின்றன; தடுமாற்றம் காணாமல் போகிறது. பாதுகாப்பு மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றில் 2-இன் 64-ஆம் அடுக்கு அளவுக்கு இருந்த சாத்தியங்களை 3,300 ஆகக் குறைத்தார்கள். சிப்பைத் திறக்கவே இல்லை. மின்கம்பி வழியாகவே உள்ளே போய்விட்டார்கள்.

இதைப் படித்த பிறகுதான் நான் ஒளிப் பக்கம் போனேன்.

ஒளியை வைத்து ரேண்டம் பிட் எடுப்பதில் பாடப்புத்தக உதாரணம் ஒன்று உண்டு. பாதி ரசம் பூசிய கண்ணாடியை 45 பாகை சாய்த்து வைக்க வேண்டும். அதன்மேல் ஒரே ஒரு ஒளித்துகளை, ஒரு ஃபோட்டானை, அனுப்ப வேண்டும். ஊடுருவிப் போனால் ஒரு டிடெக்டரில் விழும். எதிரொளித்தால் இன்னொன்றில் விழும். இது பூஜ்யம், அது ஒன்று. பூவா தலையா போடுவதும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. காசு எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில், எத்தனை சுழற்சியோடு கையைவிட்டுப் போனது என்று தெரிந்தால் எப்படி விழும் என்று கணக்குப் போட்டுவிடலாம். நமக்குத் தெரியவில்லை என்பதால்தான் அது தற்செயல். ஃபோட்டான் விஷயத்தில், குவாண்டம் இயற்பியலின் வழக்கமான புரிதலின்படி, தெரிந்துகொள்ள வேண்டிய விவரமே எங்கும் கிடையாது. எந்தப் பக்கம் போகும் என்பது போகும்வரை முடிவாகவில்லை. திருடனிடம் எவ்வளவு பெரிய கணினி இருந்தாலும், எங்கேயும் எழுதி வைக்கப்படாததை அவன் எங்கிருந்து படிப்பான்?

காகிதத்தில் இவ்வளவு அழகு. மேசையில் வைத்துப் பார்த்தால்தான் கசங்கல்கள் தெரியும். கண்ணாடி சரிபாதியாக ஒருநாளும் பிரிக்காது. 50-க்கு 50 என்று விற்பது 52-க்கு 48 என்று இருக்கும். இரண்டு டிடெக்டர்களின் கூர்மையும் ஒன்றாக இருக்காது. இந்தச் சாய்வைச் சரிசெய்யவும் அதே வான் நாய்மன் ஒரு தந்திரம் கொடுத்திருக்கிறார். பிட்டுகளை இரண்டிரண்டாக எடு. 01 வந்தால் பூஜ்யம் என்று எழுது, 10 வந்தால் ஒன்று என்று எழுது, 00-வும் 11-ம் வந்தால் தூக்கிப் போடு. ஒன்று விழும் வாய்ப்பு 0.6, பூஜ்யம் 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 01-க்கு 0.4 × 0.6, 10-க்கு 0.6 × 0.4. இரண்டும் 0.24. சாய்வு ஒழிந்தது. பாதிக்கு மேல் குப்பைக்குப் போகிறது என்பதுதான் விலை. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்டபோது ஒரு மாலை முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. அந்தத் தந்திரம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: அடுத்தடுத்த பிட்டுகள் ஒன்றையொன்று பாதிக்கக் கூடாது. ஒற்றை ஃபோட்டானைப் பிடிக்கும் டிடெக்டரோ ஒரு முறை சொடுக்கியதும் பல நானோநொடி கண்ணை மூடிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் அடுத்த ஃபோட்டான் வந்தால், விழித்திருக்கும் மற்ற டிடெக்டரில்தான் பதிவாகும். ஆக, பூஜ்யத்துக்குப் பின் ஒன்று வரும் வாய்ப்பு கூடிவிடுகிறது. அது போதாதென்று, முந்தைய சொடுக்கில் சிக்கிக்கொண்ட மின்னூட்டம் கொஞ்சம் தாமதமாக விடுபட்டு, ஃபோட்டானே வராமல் இன்னொரு சொடுக்கை உண்டாக்கும். பிரபஞ்சத்தின் ஆழத்திலிருந்து வரும் தற்செயலை, ஞாபக மறதி இல்லாத ஒரு டிடெக்டர் கெடுத்துவிடுகிறது.

ஒற்றை ஃபோட்டான் டிடெக்டர் வாங்கும் வசதி எனக்கு இருக்கவும் இல்லை. ஆனால் 2014-இல் ஜெனிவாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நோக்கியா கைபேசி ஒன்றின் கேமராவையும் ஒரு எல்ஈடியையும் வைத்தே குவாண்டம் ரேண்டம் எண் எடுத்திருந்தார்கள். எல்ஈடி என்னிடம் டப்பா நிறைய இருந்தது. பழைய கேமரா மாட்யூல் ஒன்றும் இழுப்பறையில் கிடந்தது.

இதன் தத்துவம் எளிது. மழையில் பத்து டம்ளர்களை வரிசையாக வையுங்கள். மழை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒரு நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் எத்தனை துளி என்று எண்ணினால் ஒன்றில் 396 இருக்கும், ஒன்றில் 421, இன்னொன்றில் 383. துளிகள் பேசி வைத்துக்கொண்டு விழுவதில்லை. ஒளியும் இப்படித் துளித்துளியாகத்தான் விழுகிறது. கேமரா சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு டம்ளர். சராசரி 400 எலெக்ட்ரான் சேரும்படி ஒளியை வைத்தால், அதன் வர்க்கமூலமான 20 அளவுக்கு எண்ணிக்கை முன்னும் பின்னும் ஆடும். இதற்கு ஷாட் நாய்ஸ் என்று பெயர். புகைப்படக்காரர்கள் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக வருகிறதே என்று சலித்துக்கொள்வார்களே, அதில் பெரும்பங்கு இதுதான். அவர்கள் துரத்தும் குப்பை எனக்குச் சரக்கு.

லென்ஸைக் கழற்றினேன். ஒரு சின்ன அட்டைப் பெட்டிக்குள் சென்சாரை ஒரு முனையிலும் எல்ஈடியை மறுமுனையிலும் ஒட்டி, வெளிச்சம் புகாமல் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். டேப்பைச் சுற்றச் சுற்ற எங்கோ ஒரு மூலையில் வெளிச்சம் கசிந்துகொண்டே இருந்தது. கடைசியில் பெட்டி தெரியவில்லை, டேப்தான் தெரிந்தது. அப்புறம் சென்சாரிடமிருந்து மூலத் தரவை அப்படியே கேட்டு வாங்க வேண்டும். கேமராக்கள் நம் கண்ணுக்காகப் படத்தைத் தடவி, மெருகேற்றி, சுருக்கித் தருகின்றன. அந்த அன்பெல்லாம் இங்கே வேண்டாம். 0 முதல் 1023 வரை பிக்சல் சொன்ன எண் மட்டும் போதும்.

பிட் எடுக்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டியிருந்தது. ஆடுகிறது சரி, ஆட்டுவது எது? ஃபோட்டானா, இல்லை எல்ஈடிக்குப் போகும் மின்சாரமா? இதைப் பிரித்தறிய நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒளியை இரண்டு மடங்காக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டம் ஷாட் நாய்ஸ் என்றால் அதன் மாறுபாடு, அதாவது விலகல்களின் வர்க்கச் சராசரி, இரண்டு மடங்காகும். மின்சாரத்தால் எல்ஈடி கூடிக் குறைந்து எரிவதுதான் காரணம் என்றால் மாறுபாடு நான்கு மடங்காகும். ஒரே வரைபடத்தில் பதில் தெரிந்துவிடும்: நேர்கோடு வந்தால் ஃபோட்டான், மேலே வளைந்தால் வேறேதோ.

எனக்கு வளைந்தது. அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஒரு வாரம் எல்ஈடியின் மின்வழங்கியைத் திட்டிக்கொண்டு வடிகட்டிக்கு மேல் வடிகட்டியாகப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. தப்பு என் கணக்கில் இருந்தது. ஒரே படத்தில் உள்ள எல்லாப் பிக்சல்களையும் சேர்த்து மாறுபாட்டைக் கணக்கிட்டிருந்தேன். பிக்சல்கள் ஒரே வார்ப்பில் வந்தவை அல்ல. சில இயல்பிலேயே கொஞ்சம் கூடுதலாக ஒளியை வாங்கும், சில குறைவாக. சென்சாரின் ஓரத்தில் ஒரு தூசு வேறு உட்கார்ந்திருந்தது. டம்ளர்களின் வாய் அகலமே வேறு வேறாக இருக்க, நான் மழையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் அதே பிக்சலைக் கழித்துப் பார்த்தவுடன் அந்த நிரந்தர வேறுபாடுகள் காணாமல் போயின. கோடு நிமிர்ந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக அந்தக் கோட்டின் மேல் போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஃபோட்டானை நேரில் சந்தித்த மாதிரி இருந்தது. கோட்டின் தொடக்கம் மட்டும் பூஜ்யத்தில் இல்லாமல் சற்று மேலே நின்றது. அது சென்சாரின் சொந்த இரைச்சல், ஒளியே இல்லாவிட்டாலும் இருப்பது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

இடையில் ஒரு கேள்வி. எல்ஈடி கக்கும் ஒளி ஒழுங்கற்றதா, அல்லது சென்சார் அதை வாங்கும் விதம் ஒழுங்கற்றதா? இரண்டுமே. விழும் ஃபோட்டான்களில் ஒரு பங்கைத்தான் பிக்சல் எலெக்ட்ரானாக மாற்றுகிறது. எது மாறும், எது வீணாகும் என்பதும் குலுக்கல்தான். அதனால் ஒளி ஓரளவு ஒழுங்காக வந்தாலும் பதிவாகும்போது மீண்டும் கலைந்துவிடும். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டிடெக்டரின் குறையே இங்கே துணைக்கு வருகிறது.

இனி கணக்கு. ஒரு பிக்சல் பத்து பிட் எண்ணைத் தருகிறது என்பதால் பத்து பிட் ரகசியம் கிடைத்துவிடாது. 20 அளவுக்கு ஆடும் ஒரு மணிவடிவப் பரவலில், அதிகம் வரக்கூடிய எண்ணின் வாய்ப்பு சுமார் 50-இல் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் அந்த எண்ணையே சொல்லும் திருடன் 50-க்கு ஒரு முறை ஜெயிப்பான். இந்தத் திருடனை வைத்துத்தான் அளக்க வேண்டும், சராசரியை வைத்து அல்ல. இதைக் குறைந்தபட்ச என்ட்ரோபி, அதாவது கணிக்க முடியாத தன்மையின் கீழ்வரம்பு, என்கிறார்கள். இங்கே சுமார் ஐந்தரை பிட். ஒரு பிக்சல் சொல்லும் பத்து பிட்டில் பாதிக்கு மேல் கொஞ்சம் தேறும். அதிலும் சென்சார் இரைச்சலின் பங்கு எனக்குப் புரியாதது, நான் உரிமை கொண்டாடக் கூடாதது. ஆகவே கஞ்சத்தனமாக ஒரு பிக்சலுக்கு இரண்டு பிட் என்று மட்டும் வரவு வைத்தேன். 256 பிக்சல்களைச் சேர்த்தால் 512 பிட் வரவு. அதை, எதைப் போட்டாலும் கலக்கிக் குறித்த நீளக் கோர்வையாகத் தரும் ஒரு ஹாஷ் சார்பில் போட்டுப் பிழிந்து 256 பிட்டாக வெளியே எடுத்தேன். வரவில் பாதிதான் செலவு.

வெளியே வந்ததை அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 15 புள்ளியியல் சோதனைகளில் ஓடவிட்டேன். எல்லாம் தேர்ச்சி. மறுநாளும் தேர்ச்சி. ஒரு வாரம் தினமும் காலையில் முடிவைப் பார்ப்பதே பழக்கமாகிவிட்டது. தேர்வு முடிவில் பிள்ளையின் எண்ணைத் தேடும் அப்பா மாதிரி போய்ப் பார்ப்பேன், பாஸ் என்று இருக்கும், மனம் குளிரும்.

எட்டாம் நாள் பெட்டியை நகர்த்தி வைக்கக் கையில் எடுத்தேன். பின்பக்கம் ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. எல்ஈடியின் ஒயர். சாலிடர் விட்டிருக்கிறது. பதிந்து வைத்திருந்த மூலப் படங்களைத் திறந்து பின்னோக்கிப் பார்த்தேன். மூன்று நாளாக எல்லாம் கும்மிருட்டு. அந்த மூன்று நாளும் பதினைந்துக்குப் பதினைந்து பாஸ்.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒளியிலிருந்து ரேண்டம் எண் எடுக்கும் என் கருவி, ஒளியே இல்லாமல் மூன்று நாள் எண் கொடுத்திருக்கிறது. எல்லாரும் நல்ல எண் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். நடந்தது இதுதான்: சென்சாரின் சொந்த இரைச்சலால் கோட்டின் தொடக்கம் பூஜ்யத்துக்கு மேலே நின்றதே, அந்தச் சொற்ப ஆட்டம் படங்களை ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடுத்தியிருக்கிறது. ஹாஷ் சார்புக்கு அது போதும். ஹாஷ் என்பது அப்படிப்பட்ட சமையல்காரர். எதைக் கொடுத்தாலும் அடையாளம் தெரியாமல் அரைத்துவிடும். சந்தேகம் தீர இன்னொன்றும் செய்தேன். கேமராவைக் கழற்றிவிட்டு, வெறும் 1, 2, 3, 4 என்று எண்ணும் ஒரு கவுன்ட்டரை அதே ஹாஷில் போட்டேன். பதினைந்துக்குப் பதினைந்து. பாஸ்.

அன்று என் நிரலின் வடிவமே மாறியது. பிழிந்த பிறகு வருவதைச் சோதித்துப் பயனில்லை. பிழியும் முன் உள்ள மூலத்தைத்தான் ஓடும்போதே கண்காணிக்க வேண்டும். நிஸ்ட் 2018-இல் வெளியிட்ட 800-90பி ஆவணம் இதைத்தான் கேட்கிறது. ஹாஷுக்கு முந்தைய தரவில் ஒரே மதிப்பு தொடர்ந்து இத்தனை முறை வந்தால் நிறுத்து. இத்தனை மாதிரிகளுக்குள் ஒரே மதிப்பு இவ்வளவு முறைக்கு மேல் வந்தால் நிறுத்து. ஆடம்பரம் எதுவும் இல்லாத இரண்டு காவல்காரர்கள். இந்த ஆவணத்தை நான் முன்பே படித்திருந்தேன், அதாவது பக்கங்களைப் புரட்டியிருந்தேன். அதோடு என் மூலத்துக்கே உரிய சோதனைகளையும் சேர்த்தேன்: சராசரி வெளிச்சம் எல்லைக்குள் இருக்கிறதா, மாறுபாடு அந்த நேர்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறதா, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் சேர்ந்து ஆடுகின்றனவா. கடைசிச் சோதனை முக்கியமானது. யாராவது மின்சாரத்தில் கை வைத்து எல்ஈடியை ஆட்டினால் எல்லாப் பிக்சலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஃபோட்டான்கள் அப்படி ஒருநாளும் ஒற்றுமையாக நடந்துகொள்ளாது. டேப்பைப் பிரித்து டார்ச் அடித்தாலும் எல்லாம் 1023-இல் போய் முட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் பிடிபடும்.

ஒளி என்றால் தாக்க முடியாது என்று விளம்பரங்கள் பேசுவதை நான் நம்புவதில்லை. ஒளியின் பலம் வேறு. அதன் ஆட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. வளையங்களின் வெப்பத் தடுமாற்றத்தையும் மாதிரியாக்கலாம், ஆனால் அது தயாரிப்புக்குத் தயாரிப்பு, சூட்டுக்குச் சூடு மாறும். 400-க்கு 20 என்பது எந்தப் பெட்டியிலும் 20-தான். 14 என்று வந்தால் ஏதோ கோளாறு, 35 என்று வந்தாலும் ஏதோ கோளாறு.

என் பெட்டி செய்வதையே நகத்தில் அடங்கும் அளவில் செய்யும் சிப்புகள் வந்துவிட்டன. 2020-இல் சாம்சங் கொரியாவில் வெளியிட்ட கேலக்ஸி ஏ குவாண்டம் கைபேசிக்குள் ஐடி குவாண்டிக் நிறுவனத்தின் சிப் இருந்தது, பக்கத்துக்கு 2.5 மில்லிமீட்டர், உள்ளே ஒரு எல்ஈடி, ஒரு சென்சார். பிரிட்டனில் பிரீமியம் பாண்டு என்ற சேமிப்புப் பத்திரங்களுக்கு மாதாமாதம் பரிசு எண்களை எடுக்கும் எர்னி என்ற இயந்திரத்தின் கதையும் சுவாரசியம். 1957-இல் நியான் குழாய்களின் இரைச்சலில் தொடங்கியது. 2019-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஒளியைப் பயன்படுத்துகிறது. முந்தைய தலைமுறைக்கு ஒன்பது மணி நேரம் பிடித்த வேலையைப் 12 நிமிடத்தில் முடிக்கிறது.

வேகத்துக்கென்று ஓடுபவர்கள் லேசரிடம் போனார்கள். 2008-இல் ஜப்பானில் அட்சுஷி உச்சிதா குழுவினர் லேசரின் ஒளியில் ஒரு பங்கை அதன்மேலேயே திருப்பிவிட்டு அதைத் தறிகெட்டு மினுக்க வைத்து, நொடிக்கு 1.7 கிகாபிட் எடுத்தார்கள். 2021-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஹுய் சாவ் குழுவினர், நடுவில் இடுப்பு ஒடுங்கிய வடிவத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான லேசரைச் செய்து, நொடிக்கு 250 டெராபிட் என்று அறிவித்தார்கள். மலைக்க வைக்கும் எண். ஆனால் ஒரு கருவிக்கு ஒரு சாவி வேண்டும். சாவிக்கு 256 பிட் வேண்டும். அந்த 256-ஐ விதையாக வைத்து நல்ல நிரல் ஒன்று ஆயுள் முழுக்க எண் கொடுக்கும். என் போர்டுகளுக்கு அன்று கிடைக்காமல் போனது டெராபிட் இல்லை, முதல் நொடியில் ஒரு சொம்பு. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ அலுவலகச் சுவரில் லாவா விளக்குகளை அடுக்கிக் கேமராவால் படம் எடுத்து விதையாக்குகிறது. பார்க்க அழகு. அந்தக் கேமராவை மூடினாலும் சென்சார் இரைச்சல் கொஞ்சம் கொடுக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஒரு நெருடல் மட்டும் மிச்சம். என் பெட்டியை நானே ஒட்டினேன், ஒயர் எங்கே போகிறது என்று தெரியும். சிப்பாக வாங்கினால்? 2013-இல் கியோர்க் பெக்கர் குழுவினர், இன்டெல் வெளியிட்டிருந்த ரேண்டம் எண் வடிவமைப்பை எடுத்துக்கொண்டு, சில டிரான்சிஸ்டர்களில் மாசூட்டலை (சிலிக்கானில் கலக்கும் அந்நியப் பொருளை) மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று காட்டினார்கள். ஒயர் ஒன்றுகூட மாறாது. சாதாரண நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரியாது. ஆனால் 128 பிட் கணிக்க முடியாத தன்மை 32 பிட்டாகச் சுருங்கிவிடும். புள்ளியியல் சோதனைகள்? பாஸ். உள்ளே ஒளி எரிகிறது என்று சிப்பின் மேல் அச்சடித்திருப்பதை நாம் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த நம்பிக்கையும் வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது. பின்னிப் பிணைந்த இரண்டு துகள்களைத் தள்ளித் தள்ளி வைத்து அளந்து, அவற்றின் ஒத்திசைவு, முன்கூட்டியே எழுதி வைத்த விடைகளால் தாண்ட முடியாத பெல் சமனிலி என்ற வரம்பை மீறுகிறது என்று காட்டினால், கருவியை யார் செய்தது என்று தெரியாவிட்டாலும் வந்த பிட்டுகள் முன்கூட்டியே எழுதி வைத்தவை அல்ல என்று நிரூபித்துவிடலாம். 2010-இல் பிரோனியோ குழுவினர் ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு இட்டர்பியம் அயனிகளை ஃபோட்டான்களால் பிணைத்து இதைச் செய்தார்கள். ஏறத்தாழ ஒரு மாத ஓட்டத்தில் கிடைத்தது 42 பிட். 2018-இல் நிஸ்ட் ஆய்வாளர்கள் பிணைந்த ஃபோட்டான்களைக் கொண்டு 1,024 பிட்டுக்கு வந்தார்கள். ஒரு ஆய்வகமே வேண்டும். போர்டில் ஒட்ட முடியாது. ஆனாலும் அந்த 42 எனக்கு 250 டெராபிட்டைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

பன்னிரண்டு போர்டுகளுக்கு வருகிறேன். அவற்றில் ஒளி எதுவும் வைக்கவில்லை. சிப்புக்குள்ளேயே ஒரு வளைய மூலம் இருந்தது; ஃபர்ம்வேர் அதை இயக்கவே இல்லை. அதை இயக்கி, மூலச் சோதனைகளைச் சேர்த்து, தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு போர்டுக்கும் வேறு வேறு விதையை எழுதி, போதுமான என்ட்ரோபி சேரும்வரை சாவி உருவாக்காதே என்று பூட்டினோம். முதல் இயக்கம் சில நொடிகள் தாமதமாகிறது என்று புகார் வந்தது. வரட்டும் என்று சீனியர் சொல்லிவிட்டார்.

என் பெட்டி இன்னும் மேசையில் இருக்கிறது. அறுந்த ஒயரை மறுபடி சாலிடர் செய்யவில்லை. ஒரு சின்ன பிளக் வைத்துவிட்டேன். மாதத்தில் ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், அதைப் பிடுங்குவேன். இரண்டாவது படத்துக்குள் பெட்டி எண் கொடுப்பதை நிறுத்தி, திரையில் சிவப்பில் ஒரு வரி காட்டும். திரும்பச் செருகுவேன். சராசரி 400-க்கு ஏறும் வரை பார்த்திருந்துவிட்டு வேறு வேலைக்குப் போவேன்.